ஒரு கிலோ கூடுதல்

ஆ லெக் கடை கொடுத்த நாட்காட்டியில்
குதிரைப் பந்தய நாட்களுக்குப் பக்கத்தில்
பென்சிலால் கோடு கிழிக்கிறான் பொடியன்.
இருபத்தாறு.
அவன் அப்பா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி.
அறந்தாங்கிக்குப் பக்கம். பெயர் அடைக்கலம்.
விமான நிலையத்தில் அந்தப் பெயரைத்
தட்டுத் தடுமாறி வாசித்த அதிகாரி
அர்த்தம் கேட்கவில்லை.
முப்பது நாள் என்று குத்திவிட்டார்.

முதல் வாரம் பத்துமலை, இரட்டைக் கோபுரம்.
இரண்டாம் வாரம் எல்லார் வீட்டிலும் கோழிக்கறி.
மூன்றாம் வாரம்
சுற்றுலா தீர்ந்துவிட்டது,
ஆட்கள் மிச்சம் இருந்தார்கள்.

பீடோரில் பார்க்க என்னதான் இருக்கிறது?
சாலையோரம் கொய்யாக் கடைகள்.
மழைக்கு முன் தாழ்ந்து வரும் ஆலைப் புகை.
லோரி போன தடத்தில் நசுங்கிய செம்பனைப் பழம்.

விடியலில் இவர் மோட்டாரைக் கிளப்பினால்
பின்னால் ஏறிக்கொள்வான் அடைக்கலம்.
சும்மா பார்க்கத்தான் அண்ணி.
சும்மா பார்த்த கைகளில்
மூன்றாம் நாள் கொப்புளம்.
ஐந்தாம் நாள்
கழி அரிவாளை இருபதடி உயரக் குலையில் மாட்டி
ஒரே இழுப்பு, என்றார் இவர்,
பெருமையா பயமா
எனக்குப் பிடிபடாத குரலில்.

மண்டோர் வீட்டுக்கே வந்தார்.
தே குடித்தார். நல்ல கை என்றார்.
தோட்டத்துல ஆள் இல்ல.
நாள் தாண்டுனா தாண்டட்டும்,
உள்ள இருக்கறவன எவன் வந்து தாள் கேக்கறான்?

கேட்டிருக்கிறார்கள்.
போன வருசம் இரண்டு வேன் வந்த ராத்திரி
பங்களாதேஷ் பையன்கள் செம்பனை நிரைக்குள்
பாம்போடு பாம்பாய்ப் படுத்துக் கிடந்தார்கள்.
எங்கள் பின்கட்டில் ஒற்றைச் செருப்பு.
ஒரு மாதம் வைத்திருந்தேன்.
யாரும் வரவில்லை.

துணி அலசிக்கொண்டே பூமயில் கேட்டாள்:
நாள் தாண்டுனா என்னக்கா செய்வாங்க?
எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

இதே லயத்தில் ஆறாம் நம்பர் வீட்டில் பிறந்தேன்.
பதியவேண்டியவர்கள் பதியவில்லை.
அப்பா மழை என்றார், பிறகு வேலை என்றார்,
பிறகு இறந்துபோனார்.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது, சிவப்பு அடையாள அட்டை.
ஓட்டு இல்லை. கடப்பிதழ் இல்லை.
இவர்களுக்காவது
ஒரு தேதி இருக்கிறது.

அடுத்த தைக்கு நீங்க அங்க வரணும் அண்ணி,
சோறு பிசைந்தபடி சொல்கிறான்.
வரேன் வரேன் என்று ரசம் ஊற்றுகிறேன்.
இவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

மண்டோர் மறுபடி வந்தபோது
ஆண்கள் இருவரும் சிமெண்டுத் தரையைப் பார்த்தார்கள்.
நான்தான் சொன்னேன்:
அவங்களுக்குத் திரும்பிப் போக ஊரு இருக்கு மண்டோர்.
சொன்ன பிறகுதான்
அந்தக் கோபம் யார் மேல் என்று யோசித்தேன்.
அடைக்கலம் அன்றைக்குச் சாப்பிடவில்லை.
டிக்கெட்டுக்கு வாங்கிய கடனைப் பூமயில்
ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள்.
காதில் விழாத மாதிரி
பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நான்.

கொய்யாக் கடைத் தராசில் பெட்டியைத் தூக்கி வைத்தோம்.
கோடாலித் தைலம் இரண்டு டஜன், டார்ச் விளக்கு,
மைலோ, யாருக்கோ ஒரு குடை.
முள் ஆடி ஆடி நின்றது.
முப்பதுதான் விடுவான், என்று சிரித்தாள் கடைக்காரி.
ஒரு கிலோ கூடுதல்.

பூமயில் குனிந்து
ஒரு மைலோ பொட்டலத்தை உருவினாள்.
விலையைக் கேட்காமல்
என் கையில் வைத்தாள்.

இருபத்தொன்பதாம் ராத்திரி அதைப் பிரித்தோம்.
ஐந்து குவளை.
கரையாமல் மேலே மிதந்த கட்டிகளைப்
பொடியன் கரண்டியால் தின்றான்.
கட்டிய பெட்டி கதவோரம் நின்றது.
யாருக்கும் தூங்கப் போகத் தோன்றவில்லை.

இன்னொன்று கலக்கவா என்றேன்.
கலக்குங்க அண்ணி, என்றான் அடைக்கலம்,
முதல் தடவையாக
அந்தச் சுவரைப் பார்த்தபடி.